மஞ்சள் எத்தினை, சிவப்பு எத்தினை: உதைபந்து புதுசாப் பாக்கிறவைக்கு

2018 யூன் 28, பின்னேரம் ஏழரை மணி மச். மல்லாவிப் பக்கம் எங்கட சனசமூக நிலையத்தில ரீவியைத் தூக்கி விறாந்தையில வச்சு, கீழ பாய் விரிச்சு, பாயில இடம் கிடைக்காத பெடியள் முத்தத்தில சைக்கிள் கரியரில குந்தியிருந்து பாத்தவங்கள். ஜப்பானுக்கும் போலந்துக்கும் விளையாட்டு. ஜப்பான் 1-0 எண்டு தோத்துக்கொண்டு நிக்குது, கடைசிப் பத்து நிமிசம், வேற ரீம் எண்டா கோலியையும் கூட்டிக்கொண்டு முன்னுக்கு ஓடியிருக்கும், இவங்கள் என்னடா எண்டா தங்கட பக்கத்திலயே நிண்டு பந்தை ஆளுக்காள் தட்டிக்கொண்டு நிக்கிறாங்கள், மைதானத்தில சனம் கூ அடிக்குது.

கச்சான் உடைச்சுக்கொண்டிருந்த பெரியம்மா கேட்டவ, "தோத்துக்கொண்டெல்லே நிக்கிறாங்கள், பேந்தேன் தம்பி பந்தை முன்னுக்குக் கொண்டு போகாமல் நிக்கிறாங்கள்?"

"அவங்கள் மஞ்சள் காட் எண்ணிக்கொண்டு நிக்கிறாங்கள் பெரியம்மா" எண்டன். பகிடி விடுறன் எண்டு நினைச்சு முறைச்சவ. ஆனா அதுதான் உண்மை. அண்டைக்கு ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது கோலால இல்லை, புள்ளியால இல்லை, அதே குழுவில நிண்ட செனகலை விட ரெண்டு மஞ்சள் காட், அதாவது ரெஃப்ரி காட்டுற எச்சரிக்கை அட்டை, குறைவா வாங்கினதால. அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் கீழ வடிவாச் சொல்லுறன், முதல்ல அடிப்படையைப் பாப்பம்.

இதை நான் எழுதுறது வேர்ல்ட் கப், ஆசியக் கிண்ணம், சாஃப் எண்ட தெற்காசியக் கிண்ணம் மாதிரிப் போட்டியளைப் புதுசா இருந்து பாக்கத் தொடங்கினவைக்கு, மற்றது ஊர்க் கழகத்தில இந்த வருசம்தான் செயலாளர், மனேச்சர் எண்டு பொறுப்பு எடுத்த தம்பிமாருக்கு. கோல் ஆர் அடிச்சது எண்டு எல்லாருக்கும் தெரியும், காட் ஆருக்கு எத்தினை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்ர அனுபவத்தில மச் பாதி அங்கதான் கிடக்கு.

முதல் வேலை, கொப்பி

80 பக்க அப்பியாசக் கொப்பி ஒண்டு காணும். விரிச்சு வச்சா இடப்பக்கம் ஒரு ரீம், வலப்பக்கம் மற்ற ரீம். பேர் எழுதப் போகாதேங்கோ, வர்ணனைக்காரன் ஒரு மாதிரிச் சொல்லுவான், ரீவியில இன்னொரு மாதிரி விழும், நீங்கள் எழுதி முடிக்கேக்க அடுத்த பவுல் நடந்திருக்கும். சேர்ட் நம்பரை எழுதுங்கோ, பக்கத்தில எத்தினையாவது நிமிசம், அதுக்குப் பக்கத்தில ஏன் எண்டு ஒரு சொல்லு. என்ர கொப்பியில ஒரு வரி இப்பிடித்தான் கிடக்கும்: "6 - 34 - ம - இழுவை". ஆறாம் நம்பர், 34ஆம் நிமிசம், மஞ்சள், சேர்ட்டைப் பிடிச்சு இழுத்தது. அவ்வளவுதான்.

ரெண்டு ரீமையும் ஒரே பக்கத்தில எழுதக்கூடாது. சும்மா சொல்லேல்லை. 2006 வேர்ல்ட் கப்பில குரோஷியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடந்த மச்சில கிரஹாம் போல் எண்ட இங்கிலாந்து ரெஃப்ரி, குரோஷியாவின்ர 3ஆம் நம்பர் சிமுனிச்சுக்கு ரெண்டாவது மஞ்சளைக் காட்டிப்போட்டு அதை அவுஸ்திரேலியாவின்ர 3ஆம் நம்பருக்கு நேர எழுதிப்போட்டார். ஒரே மச்சில ரெண்டு மஞ்சள் எண்டா சிவப்பு, ஆள் வெளிய போகோணும், இவன் தன்ர பாட்டுக்கு மைதானத்தில ஓடித்திரியுறான், மூண்டாவது மஞ்சள் குடுத்த பிறகுதான் சிவப்பு வெளிய வந்தது. உலகத்தில பெரிய ரெஃப்ரியே கொப்பியில பிழை விட்டவர் எண்டா எங்களுக்கென்ன, ஆனா நாங்கள் பக்கத்தைப் பிரிச்சு வைப்பம்.

ரெண்டாவது, காட் எதுக்கு எண்டு விளங்கிறது

காட் எண்டது உதைபந்து பிறக்கேக்கயே வந்த சாமான் இல்லை. 1966 வேர்ல்ட் கப்பில இங்கிலாந்து - ஆர்ஜென்ரீனா கால் இறுதியில ஆர்ஜென்ரீனா கப்டன் ரத்தீனை ஜேர்மன்காரன் ரெஃப்ரி வெளிய போகச் சொல்லுறார், அவருக்கு இவரின்ர பாசை விளங்கேல்லை, விளங்கினாலும் போற எண்ணம் இல்லை, ஒரே இழுபறி. அப்ப ரெஃப்ரிமாருக்குப் பொறுப்பா இருந்தவர் கென் அஸ்ரன் எண்ட இங்கிலாந்துக்காரர். கார் ஓடிக்கொண்டு போகேக்க சிக்னல் லைற்றைப் பாத்திட்டு, மஞ்சள் எண்டா கவனம், சிவப்பு எண்டா நில்லு, இதுக்குப் பாசை தேவையில்லையே எண்டு யோசிச்சிருக்கிறார். 1970 மெக்சிக்கோ வேர்ல்ட் கப்பில காட் வந்திட்டுது. அந்த முறை ஒரு சிவப்பும் காட்டேல்லை, வேர்ல்ட் கப்பின்ர முதல் சிவப்பை வாங்கினது 1974ல சிலி நாட்டு கஸ்ஸெலி. எங்கட ஒழுங்கையில சிக்னல் லைற் இல்லாட்டியும் மஞ்சளும் சிவப்பும் சின்னப் பிள்ளைக்கும் விளங்குது, அந்த மனிசன் கெட்டிக்காரன்தான்.

புதுசாப் பாக்கிறவை விடுற பிழை, கால்ல அடிச்சாத்தான் காட் எண்டு நினைக்கிறது. ரெஃப்ரியோட வாய் காட்டினா மஞ்சள், ஃப்ரீ கிக் அடிக்கேக்க பந்துக்குக் கிட்ட நிண்டுகொண்டு அரக்காட்டி மஞ்சள், நேரம் கடத்தினா மஞ்சள், அடி படாமலே விழுந்து நடிச்சா மஞ்சள், ரெஃப்ரியைக் கேக்காமல் உள்ளுக்க வந்தா மஞ்சள், ஒரு சின்னப் பவுலையே திருப்பித் திருப்பிச் செய்துகொண்டிருந்தாலும் மஞ்சள். கோல் அடிச்ச சந்தோசத்தில சேர்ட்டைக் கழட்டினாலும் மஞ்சள், அந்தக் கோல் பிறகு இல்லை எண்டு அறிவிச்சாலும் மஞ்சள் மஞ்சள்தான்.

இந்தச் சேர்ட் விசயத்தில 2022 கட்டாரில ஒரு வடிவான காட்சி. கமரூன் கப்டன் அபூபக்கர் பிரேசிலுக்குக் கடைசி நேரத்தில தலையால கோல் அடிக்கிறார், ஏற்கெனவே அவருக்கு ஒரு மஞ்சள் இருக்கு, இருந்தும் சேர்ட்டைக் கழட்டிப்போட்டு நிக்கிறார். ரெஃப்ரி சிரிச்சுக்கொண்டு வந்து கை குடுத்து, தலையைத் தடவிப்போட்டு, ரெண்டாவது மஞ்சளையும் சிவப்பையும் எடுத்துக் காட்டினார். கமரூன் வெண்டும் வீட்டுக்குத்தான் போனது, ஆனா அந்த ரெஃப்ரி சட்டத்தை எப்பிடிச் செய்யோணும் எண்டு காட்டினவர், கோவம் இல்லை, விட்டுக்குடுப்பும் இல்லை. எங்கட ஊர் ரெஃப்ரிமார் காட்டை மூக்குக்கு நேர நீட்டுறதைப் பாக்கேக்க எனக்கு உந்தக் காட்சிதான் நினைவில வரும்.

நேரடிச் சிவப்பு எண்டா கதை வேற. எலும்பு உடையுற மாதிரிப் பாயிறது, அடிக்கிறது, துப்புறது, கடிக்கிறது, கெட்ட தூசணம், மற்றது நிச்சயமா கோல் விழப்போற பந்தைக் கையால தடுக்கிறது, தனிய கோலை நோக்கி ஓடுறவனைப் பிடிச்சு விழுத்துறது. இந்தக் கடைசியில ஒரு சின்ன விலக்கு இருக்கு: பெனால்டிப் பெட்டிக்குள்ள பந்தை எடுக்கத்தான் வெளிக்கிட்டவன், தவறி ஆளை விழுத்திப்போட்டான் எண்டா பெனால்டியும் மஞ்சளும் காணும். இழுத்தோ தள்ளியோ விழுத்தினா சிவப்புத்தான்.

மூண்டாவது, ரெஃப்ரியின்ர கையைப் பாருங்கோ

பந்தையே பாத்துக்கொண்டிருந்தா இது தவறும். மஞ்சளைக் காட்டி உடன சிவப்பையும் காட்டினா அது ரெண்டாவது மஞ்சளால வந்த சிவப்பு. சிவப்பை மட்டும் காட்டினா நேரடி. ரெண்டாலும் ஆள் வெளியதான், ஆனா கொப்பிக்கு ரெண்டும் ரெண்டு கணக்கு, ஏன் எண்டு கீழ வரும்.

ரெண்டு கையையும் முன்னுக்கு நீட்டி விளையாடு விளையாடு எண்டு காட்டினா அட்வான்ரேஜ், பவுல் பட்ட ரீமுக்கு நல்லது எண்டு மச்சை நிப்பாட்டாமல் விடுறது, பவுலை மறந்திட்டார் எண்டு அர்த்தம் இல்லை, பந்து வெளிய போன பிறகு திரும்பி வந்து அந்த ஆளைக் கூப்பிட்டு மஞ்சள் குடுக்கலாம். எங்கட விறாந்தையில இதுக்கு எத்தினை சண்டை, "இப்ப என்ன நடந்தது எண்டு அவனுக்கு மஞ்சள்?" எண்டு கேட்டுக் கத்துவாங்கள், ரெண்டு நிமிசத்துக்கு முதல் நடந்ததுக்கடா அது. விரலால ரீவிப் பெட்டி மாதிரிக் கீறினா விஏஆர், வீடியோ பாத்து உதவுற ரெஃப்ரிமார், அதைத் திருப்பிப் பாக்கப் போறார். மணிக்கட்டு ரெண்டையும் குறுக்க வச்சுக் காட்டினா நிற வசை நடந்திருக்கு எண்டு அர்த்தம், 2024ல ஃபிஃபா கொண்டுவந்த சைகை, அதுக்குப் பிறகு மூண்டு படி இருக்கு: மச்சை நிப்பாட்டுறது, ஆக்களை உள்ளுக்க கூட்டிக்கொண்டு போறது, அதுக்கும் அடங்காட்டி மச்சையே கைவிடுறது.

நாலாவது, மஞ்சளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ

இதுதான் ஆக முக்கியம், இதைத்தான் ஒருத்தரும் செய்யிறேல்லை. ஒரு மச்சில ஒரு மஞ்சள் வாங்கினவன் தப்பினான் எண்டு நினைக்கிறம், அது அடுத்த மச்சுக்குக் கடன் மாதிரிப் பின்னால வரும். வேற வேற மச்சில ரெண்டு மஞ்சள் எண்டா அடுத்த மச்சில அவர் பெஞ்சிலயும் இல்லை, கலரியில கோட் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

2002ல ஜேர்மனியின்ர பலக்குக்கு நடந்ததை நினைச்சா இப்பவும் பாவமாக் கிடக்கு. தென்கொரியாவோட அரை இறுதி, கொரியாக்காரன் ஒருத்தன் கோலை நோக்கிப் போறான், பலக் விழுத்தினார், மஞ்சள், அது அவருக்கு ரெண்டாவதாச் சேர்ந்த மஞ்சள், இறுதிப் போட்டி இல்லை எண்டு அந்த இடத்திலயே அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் நாலு நிமிசத்தில அந்த மச்சின்ர ஒரே கோலை அவரே அடிச்சு ரீமை இறுதிக்கு அனுப்பிப்போட்டு, அவர் வெளிய இருந்து ஜேர்மனி பிரேசிலிட்ட 2-0 எண்டு தோக்கிறதைப் பாத்தவர்.

இப்பிடி நல்ல விளையாட்டுக்காரர் இல்லாமல் இறுதிப் போட்டி நடக்கக்கூடாது எண்டுதான் 2010ல இருந்து கால் இறுதி முடிய ஒற்றை மஞ்சளுகளை அழிக்கத் தொடங்கினவை. ஆனா கால் இறுதியிலயே ரெண்டாவது மஞ்சள் விழுந்தா அழியாது. 2022ல ஆர்ஜென்ரீனா - நெதர்லாந்து கால் இறுதியில மஞ்சள் மழை மாதிரிப் பெய்தது, நான் கொப்பியில இடம் காணாமல் மட்டையில எழுதினனான். அதில ஆர்ஜென்ரீனாவின்ர அக்கூஞ்யாவும் மொன்ரியெலும் அரை இறுதியை இழந்தவை. அந்த மொன்ரியெல்தான் பேந்து இறுதிப் போட்டியில பிரான்சுக்கு எதிரா கிண்ணம் வெண்ட பெனால்டியை அடிச்சவர்.

மஞ்சள் எப்ப அழியும், எத்தினை சேர்ந்தால் தடை எண்டது போட்டிக்குப் போட்டி மாறும். 2026 வேர்ல்ட் கப்பில 48 ரீம், முந்தி இல்லாத ஒரு சுற்றும் கூட இருக்கு, அதால பழைய கணக்கை அப்பிடியே தூக்கிப் போடாதேங்கோ. போட்டி தொடங்க முதல் அந்தப் போட்டியின்ர விதியைத் தேடி எடுத்து, கொப்பியின்ர முதல் பக்கத்தில ரெண்டு வரியில எழுதி வையுங்கோ.

அஞ்சாவது, சிவப்புக்குப் பிறகு

சிவப்பு வாங்கினவனுக்குப் பதில் ஆள் இறக்கேலாது, மிச்ச நேரம் பத்துப் பேர்தான். ஏழு பேருக்குக் கீழ போனா மச்சே இல்லை. அடுத்த மச் ஒண்டு தானாவே போகும், அதுக்கு மேல எத்தினை எண்டதை ஒழுக்காற்றுக் குழு பாத்துச் சொல்லும், கைகால் நீட்டி அடிச்ச கேஸ் எண்டா மூண்டு மச் எண்டு போறது வழமை.

உருகுவேக்காரன் சுவாரஸின்ர ரெண்டு கதையையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாத்தா இது நல்லா விளங்கும். 2010ல கானாவுக்கு எதிரா மேலதிக நேரத்தின்ர கடைசிச் செக்கன், கோலுக்குள்ள போற பந்தைக் கோலி மாதிரிக் கையால தடுத்தார். சிவப்பு, பெனால்டி. கானாவின்ர ஜியான் அடிச்ச பெனால்டி மேல் கம்பியில பட்டுப் போச்சு, பிறகு பெனால்டி அடியில உருகுவே வெண்டுது. அவருக்குக் கிடைச்சது ஒரு மச், அரை இறுதியை இழந்தார், உருகுவே அதில தோத்துது. சனம் இண்டைக்கும் கள்ளன் எண்டுதான் சொல்லும், நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறன்: சட்டம் சொன்ன விலையை அவர் குடுத்திட்டார், சிவப்பும் பெனால்டியும் குடுத்த பிறகு அடிக்கவேண்டியது கானாவின்ர வேலை. எங்கட பெடியளில பாதிப்பேர் இதுக்கு என்னோட கதைக்கிறேல்லை.

ஆனா 2014ல அதே சுவாரஸ் இத்தாலியின்ர கியெல்லினியைத் தோளில கடிச்சார். ரெஃப்ரி காணேல்லை, ஒரு காட்டும் இல்லை, மச் முடிஞ்சு போச்சு. பிறகு ஃபிஃபா வீடியோவைப் பாத்து 9 சர்வதேச மச், நாலு மாதம் உதைபந்தின்ர பக்கமே வரக்கூடாது, ஒரு லட்சம் சுவிஸ் ஃப்ராங்க் தண்டம் எண்டு போட்டுது. கையால தடுத்ததுக்கு ஒண்டு, கடிச்சதுக்கு ஒன்பது, அந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.

தடையை முழுக்க அனுபவிக்க வேண்டிய தேவையும் சிலநேரம் இல்லை. 2025 நவம்பரில அயர்லாந்து மச்சில முழங்கையால அடிச்சு றொனால்டோ சிவப்பு வாங்கினவர், மூண்டு மச் தடை, ஆனா ரெண்டை ஒரு வருசத்துக்கு ஒத்தி வச்சிட்டினம், அதுக்குள்ள திரும்பச் செய்தாத்தான் அது உயிர் பெறும். கொப்பியில அப்பிடியானதுக்கு நான் அடைப்புக்குறி போட்டு வைப்பன். பேரின்ர கனத்துக்குத்தான் உந்த ஒத்திவைப்பு எண்டு எனக்கொரு நினைப்பு.

பிரான்சின்ர சிடானையும் கட்டாயம் சொல்லோணும், 2006 இறுதிப் போட்டியில இத்தாலிக்காரன் மற்றராசியின்ர நெஞ்சில தலையால இடிச்சு சிவப்பு வாங்கினவர், அதுதான் அவரின்ர கடைசி மச். மூண்டு மச் தடை போட்டினம், ஆனா ஓய்வு பெற்றவருக்கு என்ன தடை, அதுக்குப் பதிலாச் சமூக சேவை செய்தவர். வாயால சீண்டின மற்றராசிக்கும் ரெண்டு மச் தடை கிடைச்சது, இதைத்தான் ஒருத்தரும் நினைவில வச்சிருக்கிறேல்லை.

ஆறாவது, ஃபெயார் பிளே புள்ளி

இப்ப பெரியம்மாவின்ர கேள்விக்கு வாறன். குழுச் சுற்றில ரெண்டு ரீம் எல்லாத்திலயும் சமனா நிண்டா காட் எண்ணிப் பாப்பினம். மஞ்சள் ஒண்டுக்கு 1 கழியும், ரெண்டு மஞ்சளால வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4, மஞ்சளும் வாங்கி அதே மச்சில நேரடிச் சிவப்பும் வாங்கினா 5. ஒரு மச்சில ஒரு ஆளுக்கு இதில ஏதோ ஒண்டுதான் கழியும். சிவப்பைப் பிரிச்சு எழுதச் சொன்னது இதுக்குத்தான்.

அண்டைக்கு ஜப்பான் கொலம்பியாவை 2-1 வெண்டிருந்தது, செனகல் போலந்தை 2-1 வெண்டிருந்தது, தங்களுக்குள்ள 2-2. கடைசி மச்சில ஜப்பான் போலந்திட்ட 1-0, செனகல் கொலம்பியாவிட்ட 1-0. ரெண்டு பேருக்கும் 4 புள்ளி, ரெண்டு பேரும் அடிச்சது 4 கோல், வாங்கினது 4 கோல். கையால எழுதிப் பாருங்கோ, ஒரு இடத்திலயும் வித்தியாசம் வராது. காட்டில மட்டும் ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6.

அதான் ஜப்பான்காரன் பந்தை வச்சுக்கொண்டு நிண்டவன். முன்னுக்குப் போனா போலந்து இன்னொண்டு அடிக்கலாம், பந்தைப் பறிகுடுத்துப் பவுல் செய்தா மஞ்சள் விழலாம், ரெண்டுமே வேண்டாம். ஆனா அங்கால அதே நேரத்தில செனகல் ஒரு கோல் அடிச்சிருந்தா ஜப்பான் வெளிய, அதைத் தடுக்க இவங்களால ஒண்டும் செய்யேலாது. ஜப்பான் பயிற்சியாளர் தன்ர தலையெழுத்தை வேற மைதானத்தில இருக்கிற கொலம்பியாவின்ர கையில குடுத்திட்டு நிண்டவர். பெரியம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை, "உது ஒரு விளையாட்டே" எண்டவ. பேர் என்னவோ ஃபெயார் பிளே, அதை வச்சே விளையாடாமல் நிண்டா அது என்ன ஃபெயார் எண்டு கேட்டா என்னட்டயும் முழுப் பதில் இல்லை. ஆனாலும் காசைச் சுண்டிப் பாக்கிறதை விட மூண்டு மச்சில ஆர் குறையப் பவுல் செய்தவன் எண்டு பாக்கிறது மேல் எண்டுதான் எனக்குப் படுது.

கடைசிக் குழு மச் ரெண்டையும் ஏன் ஒரே நேரத்தில வைக்கினம் எண்டும் சிலர் கேக்கிறவை. அது 1982ல இருந்து வந்த வினை. அல்ஜீரியா மேற்கு ஜேர்மனியை 2-1 எண்டு அடிச்சு, தன்ர கடைசி மச்சையும் முதல் நாளே முடிச்சிட்டு இருக்குது. அடுத்த நாள் ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் விளையாடினம், ஜேர்மனி ஒண்டோ ரெண்டோ கோலால வெண்டா ரெண்டு பேரும் உள்ளுக்க. பத்தாவது நிமிசம் ஜேர்மனி கோல் அடிச்சுது, மிச்ச நேரம் முழுக்க ரெண்டு ரீமும் சும்மா பந்தைத் தட்டிக்கொண்டு நிண்டது. அல்ஜீரியா வீட்ட. விதி ஒண்டையும் மீறேல்லை எண்டு ஃபிஃபா கையை விரிச்சிட்டுது, ஆனா 1986ல இருந்து கடைசி மச் ரெண்டும் ஒரே நேரத்தில. அதால அண்டைக்கு ரெண்டு கொப்பி வேணும், அல்லது பக்கத்தில ஒரு பெடியனை ஃபோனோட இருத்துங்கோ.

ஏழாவது, மச் முடிஞ்ச பிறகும் கொப்பியை மூடாதேங்கோ

அடுத்த நாள் காலமை செய்தி பாருங்கோ, ரெஃப்ரி காணாதது அப்பத்தான் வெளிக்கும். 2002ல பிரேசிலின்ர ரிவால்டோ, துருக்கிக்காரன் அடிச்ச பந்து துடையில பட, முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார், துருக்கிக்காரனுக்குச் சிவப்பு. வீடியோவில உண்மை தெரிஞ்சு ரிவால்டோவுக்குப் பதினொராயிரத்துச் சொச்சம் சுவிஸ் ஃப்ராங்க் தண்டம், தடை இல்லை. அவருக்கு அது பிளேன்ரீக் காசு.

நடிப்பில ஆகக் கூடினது 1989 செப்ரெம்பர் 3, பிரேசிலில மரக்கானா மைதானம். வேர்ல்ட் கப் தகுதிகாண் மச், சிலி 1-0 எண்டு பின்னுக்கு நிக்குது, சனத்துக்குள்ள இருந்து ஒரு வாணம் வந்து சிலிக் கோலி ரோஹாஸுக்குக் கிட்ட விழுது, அவர் முகமெல்லாம் ரத்தத்தோட கிடக்கிறார், ரீம் மைதானத்தை விட்டு வெளியேறிப் போட்டுது. பிறகு படத்தைப் பாத்தா வாணம் அவரில படவே இல்லை, கையுறைக்குள்ள பிளேட் வச்சிருந்து தானே வெட்டினவர். அவருக்கு ஆயுட்காலத் தடை, சிலியை 1994 வேர்ல்ட் கப்புக்கு முயற்சி செய்யவே விடேல்லை. 2001ல தான் அவரின்ர தடையை எடுத்தவை. கோலியின்ர ஒரு பிளேட்டால ஒரு நாடே நாலு வருசம் இருந்து பாத்தது.

எட்டாவது, பெஞ்சையும் எழுதுங்கோ

பயிற்சியாளருக்கும் இப்ப காட் இருக்கு, மஞ்சளும் சிவப்பும். 2023 சாஃப் கிண்ணம் பெங்களூரில நடக்கேக்க இந்தியப் பயிற்சியாளர் ஸ்ரிமாச், பாகிஸ்தான்காரன் த்ரோ எறியப் போகேக்க பந்தைக் கையில இருந்து தட்டி விட்டுச் சிவப்பு வாங்கினவர், தடை முடிஞ்சு வந்து குவைத் மச்சில திரும்பவும் சிவப்பு. எங்கட நாடு அந்தப் போட்டியிலயே இல்லை. சம்மேளனத்துக்குள்ள வெளியாற்ற தலையீடு எண்டு சொல்லி 2023 சனவரியில ஃபிஃபா இலங்கையைத் தடை செய்து ஓகஸ்ற் கடைசியிலதான் எடுத்தது. காட் எண்டது ஆளுக்கு மட்டும் இல்லை, கதிரையில இருக்கிறவைக்காக முழு நாட்டுக்கும் விழும், வெளியில நிண்டது விளையாடுற பெடியள்தான்.

ரெஃப்ரியைச் சுத்தி எல்லாரும் நிண்டு கத்துற பழக்கத்துக்கு யூரோ 2024ல கப்டன் மட்டும்தான் வந்து கதைக்கலாம் எண்டு கொண்டுவந்தவை, மற்றவன் வந்தா மஞ்சள். 2018ல லண்டனில ஃபிஃபாவில இல்லாத ரீமுகளுக்கு நடந்த கொனிஃபா கிண்ணத்தில, அதில புலம்பெயர்ந்த எங்கட பெடியளும் தமிழீழம் எண்ட பேரில விளையாடினவை, பச்சைக் காட் எண்டு ஒண்டு பரீட்சிச்சுப் பாத்தவை: வாய் காட்டினா, நடிச்சா, ஆள் வெளிய, ஆனா பதிலுக்கு வேற ஆள் இறக்கலாம். எங்கட ஊர்ப் போட்டியளுக்கு எண்டு செய்த மாதிரி ஒரு காட். மற்ற இடங்களுக்கு அது பரவாதது கவலைதான்.

ஊரில இதை எப்பிடிப் பாவிக்கிறது

இந்த இடத்தில என்ர பிழையையும் சொல்லத்தான் வேணும். ரெண்டு மூண்டு வருசத்துக்கு முதல் பக்கத்து ஊரில ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம், அணிக்கு 9 பேர், ரெண்டு மஞ்சள் எண்டா அடுத்த மச் இல்லை எண்டு விதி. நான்தான் செயலாளர். எங்கட இடது பக்கத்தில விளையாடுற தம்பிக்கு முதல் சுற்றில ஒண்டு, நான் எழுதினனான். கால் இறுதியில நேரம் கடத்தினதுக்கு இன்னொண்டு, அந்த நேரம் நான் மைதானத்துக்கு வெளிய பெடியளுக்குச் சோடாப் போத்தில் எண்ணிக்கொண்டு நிண்டனான். அரை இறுதிக்கு அவனையும் இறக்கி 2-1 வெண்டு, கிண்ணத்தை எங்க வைக்கிறது எண்டு கதைச்சுக்கொண்டிருக்கேக்க மற்ற ரீம் மனேச்சர் எழுத்தில முறைப்பாட்டையும் கட்டணக் காசையும் கொண்டுவந்து மேசையில வச்சார். அவரிட்டயும் கொப்பி இருந்தது, என்ரதை விட வடிவான கையெழுத்து, நிமிசம் கூட எழுதியிருந்தவர். ஒண்டும் கதைக்கேலாது. வெண்ட மச் போச்சு, அந்தத் தம்பி தனக்கு ரெண்டு எண்டு தனக்கே தெரியாது எண்டு அழுதவன்.

அதுக்குப் பிறகு எங்கட கழகத்தில மூண்டு விசயம் செய்யிறம். மச் முடிஞ்ச உடன, தண்ணி குடிக்க முதல், ரெஃப்ரியின்ர பதிவோட எங்கட கொப்பியை ஒத்துப் பாக்கிறது, வித்தியாசம் இருந்தா அங்கயே கேட்டுத் திருத்திறது. அடுத்த மச்சுக்கு ஆள் தெரிவு செய்யேக்க பேர் வாசிக்கிறவர் பேருக்குப் பக்கத்தில மஞ்சளையும் சேர்த்து வாசிக்கோணும், "கோலி, ஒண்டுமில்லை, ஆறு, ஒரு மஞ்சள்" எண்டு, அப்ப ஆறாம் நம்பர் தானாவே கையைக் காலை அடக்கி விளையாடுவான். மற்றது கொப்பி எழுதிறவருக்கு வேற வேலை குடுக்கிறேல்லை, சோடா வேற ஆள் எண்ணட்டும்.

2022ல இங்கிலாந்து அஞ்சு மச்சில ஒரே ஒரு மஞ்சளோட வீட்ட போய் ஃபெயார் பிளே விருது எடுத்தது. கால் இறுதியில தோத்த ரீமுக்கு அது என்ன ஆறுதல் எண்டு எங்கட பெடியள் சிரிச்சவங்கள், எனக்கெண்டா அந்த ரீமின்ர கொப்பிப் பக்கத்தைப் பாக்க ஆசையாக் கிடந்தது, அந்த ஒரு வரியைத் தவிர முழுக்க வெள்ளையா இருந்தது.

கடைசியா ஒண்டு, பேனையால எழுதாதேங்கோ, பென்சில். 2022ல வேல்ஸ் கோலி ஹென்னஸி ஈரான்காரனை ஓடி வந்து இடிச்சதுக்கு ரெஃப்ரி முதல்ல மஞ்சள்தான் குடுத்தவர், நான் பேனையால மஞ்சள் எண்டு எழுதி முடிய ரீவிப் பெட்டி கீறினார், திரும்பி வந்து சிவப்பாக்கினார். அந்தப் பக்கம் இப்பவும் வெட்டுக்கொத்தோட கிடக்கு. அழிறப்பரும் வேணும், அதைப் பெரியம்மாட்டக் குடுத்து வச்சிருக்கிறன், கச்சான் பையுக்குள்ள வச்சிருக்கிறவ, கால் இறுதி முடிய ஒற்றை மஞ்சளுகளை இப்ப அவதான் அழிக்கிறவ.